உப்பு எங்கே போகும்? சாயப்பட்டறை வரும் ஊருக்கு நான்கு வழிகள்

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023-இல் மத்திய அரசு அறிவித்த ஏழு பி.எம். மித்ரா பூங்காக்களில் அதுவும் ஒன்று. சாத்தூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அது பற்றிப் பேச எனக்குப் போன் செய்தார். "அண்ணே, நீங்க திருப்பூர்க்காரர். இது வந்தா எங்களுக்கு நல்லதா கெட்டதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஊர்ப் பிள்ளைகள் பிழைப்புக்காக எங்கள் ஊருக்கு வந்து, பத்துக்குப் பத்து அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள். சொந்த ஊரிலேயே அந்த வேலை கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கிணறு, சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கிணற்றை மறந்துவிட்டு "வரட்டும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வளர்ச்சி வேண்டுமா, இயற்கை வேண்டுமா என்று கேட்டால் இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைக்கும், விடை கிடைக்காது. எந்தத் திட்டத்தையும் நான் இப்போதெல்லாம் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன். உப்பு எங்கே போகும்?

ஏன் உப்பு? பருத்தித் துணிக்கு இன்று போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று தள்ளிவிடும். உப்பைப் போட்டால்தான் சாயம் இழையை நெருங்கிப் பிடிக்கும். அடர்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் சாயக் கரைசலுக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்பு வேண்டும். வேலை முடிந்ததும் அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. போட்ட அத்தனையும் அலசும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாயக் கழிவில் மற்றவற்றுக்கு ஏதோ ஒரு வைத்தியம் இருக்கிறது. நிறத்தை எடுக்கலாம், நுண்ணுயிர்களை விட்டுக் கரிமக் கழிவைத் தின்ன வைக்கலாம். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது, நெருப்பும் எரிக்காது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அது யார் நிலத்துக்குப் போகிறது என்பதில்தான் நான்கு வழிகளும் வேறுபடுகின்றன.

முதல் வழி: முதலில் வளருவோம், பிறகு சுத்தம் செய்துகொள்வோம்

எங்கள் ஊர் போன வழி இதுதான். 1980-களின் நடுவில் திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு இருபது கோடி ரூபாய்க்குள் இருந்தது. 2010 வாக்கில் அது 12,000 கோடியைத் தாண்டியது. அரசு பெரிய ஆலை எதையும் கட்டிக் கொடுத்து வந்த வளர்ச்சி இல்லை இது. நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், காஜா பட்டன் ஓர் இடம் என்று ஜாப் ஒர்க் பிரித்துக் கொடுத்து, தோட்டத்தை விற்றவர்களும் அடகு வைத்தவர்களும் சேர்ந்து கட்டிய ஊர். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் படிப்புச் செலவும் அந்தக் காசில்தான் நடந்தது.

உப்பு நொய்யலுக்குப் போனது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. பாசனத்துக்கென்று 1992-இல் அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே கீழே இருந்த விவசாயிகள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். அணையைத் திறக்காதீர்கள் என்று. பாசன அணையில் தண்ணீர் விடாதே என்று விவசாயியே கேட்கும் நிலை வந்ததென்றால், அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை.

இதற்கு நடுவில் சுத்தம் செய்யாமலும் இல்லை. 1990-களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தைப் படிய வைத்தார்கள். வெளியே வந்த தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தது, போட்டோவுக்கும் நன்றாக இருந்தது. உப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த நிலையங்களில் உப்பைக் குறைக்கும் ஏற்பாடே இருக்கவில்லை.

அம்மிச்சி வீட்டில் எவர்சில்வர் குடத்துக்குள் ஒரு விரல் உயரத்துக்கு வெள்ளைக் கோடு படிந்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் மறுவாரம் வந்துவிடும். "பருப்பு வேவறதில்ல கண்ணு. தொட்டியில ஊத்துனா மாடே மூஞ்சியத் திருப்பிக்குது" என்பார். காங்கேயம் மாடு கொறங்காட்டில், அதாவது வறண்ட மேய்ச்சல் காட்டில், காய்ந்த புல்லைத் தின்று வளர்வது, எதையும் தாங்கும். அது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தென்னை ஓலையின் நுனி கருகியது, பிறகு குரும்பை கொட்டியது. மஞ்சள் போட்ட காடு சும்மா கிடந்தது. மாமா கடைசியில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனார். அரசுக் கணக்கில் பார்த்தால் அவர் வருமானம் அதனால் உயர்ந்துதான் இருக்கும்.

கணக்கில் உள்ள இந்தக் கோளாறு புதிதல்ல. அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டுத் தந்த சைமன் குஸ்நெட்ஸே, 1934-இல் அந்நாட்டு செனட்டுக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த எண்ணை வைத்து மக்கள் நலனை அளக்க முடியாது என்று எழுதினார். அம்மிச்சி கிணற்றில் இறைத்துக் குடித்த வரைக்கும் அந்தத் தண்ணீர் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இப்போது வாரத்துக்கு நான்கு கேன் வாங்குகிறார்கள். அந்தக் காசு நாட்டின் வளர்ச்சியில் சேர்கிறது.

"பிறகு சுத்தம் செய்யலாம்" என்பவர்கள் சொல்லாமல் விடுவது, பிறகு என்றால் எவ்வளவு பிறகு, யார் காசில் என்பதை. சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் கரை விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட்டபோது சுமார் 28,000 பேருக்கு 25 கோடி ரூபாய் அளவில் வந்தது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரத்தைத் தொடாது. ஒரு போர் போடக்கூடப் போதாது. அப்படியே போட்டாலும் உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர்தான்.

விருதுநகருக்கு இந்த வழி வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும்.

இரண்டாம் வழி: குழாய் போட்டுக் கடலுக்கு

கேட்க எளிதாக இருக்கும் யோசனை. கடலே உப்பு, அதில் கொஞ்சம் சேர்ந்தால் என்ன என்பார்கள். திருப்பூர், ஈரோடு, கரூர்க் கழிவுகளை ஒன்றாகச் சேர்த்து வங்கக் கடலில் விடலாம் என்று இங்கே பலமுறை பேச்சு வந்து போயிருக்கிறது. குஜராத்தில் வடோதரா ஆலைகளின் கழிவு 1983 முதல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் போய்க் காம்பே வளைகுடாப் பக்கம் சேர்கிறது. சேலைச் சாயத்துக்குப் பேர்போன ஜேத்பூரின் கழிவை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும் திட்டத்தைப் போர்பந்தர் மீனவர்கள் எதிர்த்தார்கள்.

செலவை மட்டும் பார்த்தால் இது மூன்றாம் வழியைவிட மலிவு. உப்பைக் காய்ச்சி எடுக்க வேண்டாம். ஆனால் குழாயில் போவது உப்பு மட்டுமாக இருக்க வேண்டும் என்றால், மற்றதையெல்லாம் முன்பே எடுத்திருக்க வேண்டும். அதை யார் தினமும் பார்ப்பார்கள்? ஆற்றில் விட்டபோது கேட்க விவசாயி இருந்தார். கடலுக்குள் போய்ச் சேரும் குழாயின் வாயில் மீனவர் ஒருவர்தான் இருப்பார், அவருக்கும் பட்டறைக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். தவிர, மழை குறைந்த ஊருக்கு இதில் இன்னொரு நட்டம். குழாயில் போகும் தண்ணீர் திரும்பி வராது. நாளுக்கு நாள் புதுத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கோ ஒரு ஆற்றிலிருந்து எடுத்து, சாயம் போட்டு, கடலில் கொட்டுவது. விருதுநகருக்கு இது பொருந்தாது.

மூன்றாம் வழி: ஒரு சொட்டும் வெளியே விடாதே

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்று கெடு வைத்தது. உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதி செய்தது. கெடுக்கள் போயின, கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, சாய, பிளீச்சிங் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். கரன்ட்டைத் துண்டித்தார்கள்.

அந்தத் தீர்ப்பு சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்த்தேன். எங்கள் தெருவில் குடியிருந்த இரண்டு பையன்கள் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போனார்கள். பாக்கிச் சம்பளம் கைக்கு வரவில்லை. ஆற்றில் சாயத் தண்ணீரை விடலாம் என்று முடிவெடுத்தது அவர்கள் இல்லை. மூடியபோது முதலில் பட்டினி கிடந்தது அவர்கள்தான். வேறு சில முதலாளிகள் ஈரோடு, நாமக்கல் பக்கம் போய் ஓசையில்லாமல் பட்டறை போட்டார்கள். காலிங்கராயன் வாய்க்கால் பக்கத்து விவசாயிகளைக் கேட்டால் மீதிக் கதையைச் சொல்வார்கள்.

அப்புறம்தான் இந்த வழி உண்மையிலேயே செயலுக்கு வந்தது. மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரத்தில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக் கரைசலையே திரும்பச் சாயத்துக்குப் பயன்படுத்தும் முறையைச் சோதித்து, மற்ற நிலையங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன். முதலில் பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு. பழுப்பு நுரை கொப்பளித்துக்கொண்டிருந்தது. பிறகு ஆர்ஓ, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டம். பெரும்பகுதித் தண்ணீர் இங்கேயே நல்ல தண்ணீராகப் பிரிந்து பட்டறைக்குத் திரும்பிவிடுகிறது. ஒதுங்கி நிற்கும் அடர்ந்த உப்புத் தண்ணீரில் ஒரு பங்கைத் தெளிய வைத்துச் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். மிச்சத்தை எவாப்பரேட்டரில் காய்ச்சி, உப்பாக உறைய வைத்து எடுக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று, ஈரமணல் மாதிரி ஒரு குவியல். கையில் எடுத்துப் பார்த்தேன். நொய்யலுக்குப் போயிருக்க வேண்டியது அது, மூட்டை கட்டி மறுபடி பட்டறைக்கே போகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று விறகு. எவாப்பரேட்டருக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் எரிய வேண்டும். சீமைக்கருவேலக் கட்டைகள் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிக் கிடந்தன. ஆற்றைக் காப்பாற்ற நாம் புகையை விடுகிறோம். இன்னொன்று, தகரக் கொட்டகைக்குள் சாக்குச் சாக்காகக் கலப்பு உப்பு. நல்ல உப்பைப் பிரித்தெடுத்த பிறகு கடைசியில் மிஞ்சுவது. நிறமும் வேறு ரசாயனங்களும் கலந்தது, எதற்கும் உதவாது. கொட்ட இடமில்லை. மழையில் நனைந்தால் திரும்பத் தண்ணீராகிவிடும். ஆக, உப்பு எங்கே போகும் என்ற கேள்விக்கு மூன்றாம் வழியின் நேர்மையான பதில், முக்கால் கேள்விக்கான பதில்தான். பெரும்பகுதி திரும்பப் பட்டறைக்கு, மிச்சம் கொட்டகைக்கு.

செலவும் அதிகம். அந்தச் செலவு கடைசியில் துணி விலையில்தான் ஏற வேண்டும், ஏற்றத்தான் விடமாட்டார்கள். வெளிநாட்டு பையர் ஆபீஸில் உட்காரும்போது முதல் அரை மணி நேரம் பசுமை பற்றிய பேச்சு, சான்றிதழ் எங்கே என்பார்கள். விலை பேசும்போது வங்கதேசத்து விலையை எடுத்து வைப்பார்கள். ஐரோப்பாவுக்கு அவர்கள் பல ஆண்டுகளாக வரியின்றி அனுப்பினார்கள், நம் துணிக்கு ஒன்பது சதவீதத்துக்கு மேல் வரி. கழிவுநீருக்கு இங்கே கட்டும் செலவை அங்கே பல பட்டறைகள் கட்டுவதில்லை. டாக்கா நகரின் ஆறுகள் அதைத் தாங்குகின்றன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டபோது, சுத்தமாகத் தொழில் செய்ததற்காக யாரும் ஒரு சதவீதம் குறைக்கவில்லை.

இருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011-இல் மூடியபோது "திருப்பூர் முடிந்தது" என்றார்கள். 2024-25-இல் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். ரூபாய் மதிப்பு சரிந்ததும் விலைவாசி ஏறியதும் அதில் கலந்திருக்கிறது, முழுவதையும் வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்துபோன ஊர் இப்படி இருக்காது. கழிவைக் கட்டுப்படுத்தினால் தொழில் செத்துவிடும் என்ற வாதம் எங்கள் ஊரில் சோதிக்கப்பட்டுத் தோற்றுவிட்டது.

நொய்யல் மீண்டுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு மாநகரங்களின் சாக்கடை அதில்தான் விழுகிறது. மழைநாள் பார்த்து இரவில் திறந்துவிடும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. நிலத்துக்குள் இறங்கிய உப்பு அங்கேயே இருக்கிறது.

நான்காம் வழி: குறைவாகச் செய், வேறு மாதிரி செய்

வளர்ச்சியையே குறைத்துக்கொள்ளலாம் என்ற கருத்து உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. தஞ்சாவூரில் பிறந்து கல்லுப்பட்டியில் வாழ்ந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா, இயற்கை திருப்பித் தரக்கூடிய அளவுக்குள் பொருளாதாரம் நிற்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே வாதாடினார். நான் அதை மனதார ஏற்கிறேன். ஒருவர் வாங்கும் டீ-சர்ட் பாதியாகக் குறைந்தால், அந்த உப்பு கழிவாகவே வராது. இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

ஆனால் யார் குறைப்பது? வாங்குகிற நாடு குறைக்காமல் செய்கிற ஊர் மட்டும் குறைத்தால், ஆர்டர் வேறு ஊருக்குப் போகும், உப்பு வேறு ஆற்றுக்குப் போகும். 2011-இல் தெருவில் பையோடு நடந்து போன அந்தப் பையன்களிடம் போய் "குறைவாக வாழுங்கள்" என்று என்னால் சொல்ல முடியாது. அவர்கள் ஏற்கெனவே குறைவாகத்தான் வாழ்கிறார்கள்.

வேறு மாதிரி செய்வதில் எனக்கு நம்பிக்கை அதிகம். குளிர்ந்த முறையில் சாயத்தை உருளையில் ஏற்றி, துணியைச் சுருட்டி வைத்துச் சாயம் பிடிக்க விடும் முறையில் உப்பு வேண்டியதில்லை. தண்ணீரும் குறைவு. குறைந்த உப்பில் பிடிக்கும் சாயங்களும் வந்துவிட்டன. தண்ணீரே இல்லாமல் கரியமில வாயுவில் சாயமேற்றும் எந்திரம் இருக்கிறது, ஆனால் அது பாலியஸ்டருக்குத்தான். பருத்தியை விட்டுப் பாலியஸ்டருக்கு மாறினால் ஆற்றில் உப்புக்குப் பதிலாக நுண்பிளாஸ்டிக் போகும். இயற்கைச் சாயத்தை நான் மதிக்கிறேன், உடுத்தவும் செய்கிறேன். கோடிக்கணக்கான துணிக்கு, நீலச் சாயம் தரும் அவுரி பயிரிட நிலம் எங்கே?

நண்பருக்கு நான் சொன்னது

மூன்றாம் வழி, நான்காவதில் உள்ள தொழில்நுட்பத்தோடு. அதுவும் நாங்கள் செய்த வரிசையைத் தலைகீழாக மாற்றி. நாங்கள் பட்டறையை முதலில் கட்டினோம், சுத்திகரிப்பைக் கடைசியில் கட்டினோம், நடுவில் ஒரு தலைமுறை விவசாயம் போனது. அங்கே சுத்திகரிப்பு நிலையம் முதலில் ஓட வேண்டும். அது தாங்கும் அளவு எத்தனை லிட்டரோ, அத்தனை லிட்டருக்கு மட்டுமே சாயத் தொழிலுக்கு அனுமதி. புதிதாகக் கட்டும் பட்டறைக்கு உப்பில்லாத முறையைக் கேட்பது எளிது, பழைய எந்திரத்தை மாற்றச் சொல்வதுதான் கடினம். கலப்பு உப்பு எங்கே வைக்கப்படும் என்று வரைபடத்தில் இப்போதே காட்டச் சொல்லுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அது முதல் வழி, வேறு பெயரில். தண்ணீர் இல்லாத மாவட்டத்துக்கு, எடுத்த தண்ணீரைத் திருப்பித் தரும் முறை ஒன்றுதான் கட்டுப்படியாகும்.

தொழிலாளிக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்றேன். என்றாவது விதிமீறலுக்காகப் பட்டறையை மூடினால், மூடிய நாளுக்குச் சம்பளம் கிடைக்க முன்கூட்டியே ஒரு நிதி. அது இல்லையென்றால், மூடச் சொல்லும் ஒவ்வொரு முறையும் விவசாயியும் தொழிலாளியும் எதிரெதிரே நிற்பார்கள். 2011-இல் எங்கள் ஊரில் நின்றார்கள். ஒரே சாதிசனம், ஒரே குடும்பம்கூட. என் மாமா வீட்டிலேயே அண்ணன் தோட்டத்துப் பக்கம், தம்பி கம்பெனிப் பக்கம். பொங்கலுக்குப் பேசிக்கொள்ளாத வருஷம் அது.

"சரிண்ணே, நான் ஒரு ஆள் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார் நண்பர்.

ஒன்று செய்யலாம். பின்னாளில் கிணறு கெட்டுப்போனால், "இது முன்பே இப்படித்தான் இருந்தது" என்பார்கள். எங்களிடம் அதை மறுக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்கவில்லை. அம்மிச்சி கிணற்றில் சாயத்துக்கு முன் என்ன உப்பு இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவுதான் இருக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுற்றுவட்டாரக் கிணறு ஒவ்வொன்றையும் மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அரசு ஆய்வகத்திலும் கொடுத்து ரசீதோடு முடிவை வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் பதியுங்கள்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நாற்பது பக்க நோட்டு, முதல் பக்கம். கிணற்றுக்காரர் பெயர், சர்வே எண், தேதி, அளவு என்று நான்கு கட்டம் போட்டு, பதினொரு கிணறுகள் எழுதியிருந்தார். அவருடைய கிணறு லிட்டருக்கு 940 மில்லிகிராம். குடிநீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது என்பார்கள், அந்த வறண்ட பூமிக்கு 940 மோசமில்லை. அம்மிச்சி கிணற்றை நான் கடைசியாக அளந்தபோது மீட்டர் 3,800 காட்டியது. அதையும் அவருக்கு அனுப்பினேன்.